ஃபிளெக்ஸ் ஃபியூவல் சென்சார் மக்கர் பண்ணுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூன் செய்த காரில் ஃபிளெக்ஸ் ஃபியூவல் சென்சார், அதாவது பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் எத்தனால் சென்சார், மாட்டியிருக்கும் நண்பர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருவார்கள்: "சென்சார் போயிடுச்சு. புதுசு எது வாங்கலாம்?" பிரித்துப் பார்த்தால் சென்சார் நன்றாகத்தான் இருக்கும். டேங்கில் இருப்பது அவர்கள் நினைத்த எரிபொருளாக இருக்காது, அல்லது ஏதாவது ஒரு வயர் சரியாக உட்கார்ந்திருக்காது. நான் இருப்பது அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில். சுற்றிலும் சோளக்காடு, அதனால் ஈ85 (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல்; எண் எத்தனால் சதவீதம்) கிடைக்கும் பங்குக்குப் பஞ்சமில்லை. கார் ஒரு பழைய டர்போ சுபாரு. அதில் நானே பட்டு அழுந்திக் கற்றுக்கொண்டவையும் பிறர் கார்களில் பார்த்தவையும் கீழே. முதலில் எரிபொருள், அப்புறம் வயரிங், கடைசியில்தான் சென்சார். இந்த வரிசையை மாற்றாமல் போனால் காசும் நேரமும் மிச்சம்.

இந்த சென்சார் உண்மையில் எதை அளக்கிறது?

எத்தனாலை அது நேரடியாக மோப்பம் பிடிப்பதில்லை. உள்ளே எரிபொருள் ஓடும் குழாயைச் சுற்றி ஒரு சிறிய மின்தேக்கி இருக்கிறது. நடுவில் ஓடும் திரவம் மாறினால் அந்த மின்தேக்கியின் அளவு மாறும். பெட்ரோலின் மின்காப்பு மாறிலி சுமார் 2. எத்தனாலுக்கு 24, 25 வரும். இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது சுலபம். வெப்பநிலையால் வரும் மாற்றத்தையும் கடத்துதிறனையும் கணக்கில் எடுத்துத் திருத்துவதற்கு உள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் உண்டு.

இதில் ஒரு வினையும் இருக்கிறது. தண்ணீரின் மாறிலி சுமார் 80. காற்றுக்கு 1. சென்சாருக்கு உலகத்தில் பெட்ரோலும் எத்தனாலும் மட்டும்தான் உண்டு. தண்ணீர் வந்தால் அதைக் கூடுதல் எத்தனால் என்று எடுத்துக்கொள்ளும், காற்றுக்குமிழி வந்தால் எத்தனால் குறைந்துவிட்டது என்று சொல்லும். கீழே வரும் பாதி பதில்களுக்கு இதுதான் மூலம்.

அது அனுப்பும் சிக்னலை எப்படி வாசிப்பது?

டியூனிங் உலகில் கிட்டத்தட்ட எல்லோரும் போடுவது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காக வந்த, கான்டினென்டல் தயாரிக்கும் மூன்று வயர் சென்சார். 12 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். சிக்னல் ஒரு சதுர அலை. 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் 0 சதவீதம், 150 ஹெர்ட்ஸ் என்றால் 100 சதவீதம். அதாவது வரும் எண்ணில் 50ஐக் கழித்தால் விடை. 60 வந்தால் ஈ10, 125 வந்தால் ஈ75.

அதே அலையில் இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கிறது. துடிப்பின் அகலம் 1 மில்லிசெகண்டிலிருந்து 5 மில்லிசெகண்ட் வரை மாறும், அது எரிபொருளின் வெப்பநிலை. 1 என்றால் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ், 5 என்றால் 125 டிகிரி. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கோளாறு தேடும்போது எனக்கு இது நல்ல சாட்சி. இரவு முழுக்க வெளியே நின்ற காரில் காலையில் எரிபொருள் வெப்பநிலை ஊர் வெப்பநிலையோடு ஒத்துப்போனால் சென்சாரும் சிக்னல் வயரும் உயிரோடு இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஈ85 தான் போட்டேன். 62 காட்டுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

இல்லை. அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பங்கில் ஒட்டியிருக்கும் 85 என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்கும் எரிபொருளுக்கான, ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி5798 தரவிதி, எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. குளிர்காலத்தில் எஞ்சின் கிளம்புவதற்கு ஆவியாகும் தன்மை வேண்டும் என்பதால் பெட்ரோலைக் கூட்டிவிடுவார்கள். ஜூலையில் 80 காட்டிய அதே பங்க் ஜனவரியில் 60க்குப் பக்கத்தில் காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது டேங்கில் மிச்சம் இருந்தது. 60 லிட்டர் டேங்கில் 15 லிட்டர் சாதாரண ஈ10 கிடக்கிறது, மேலே 45 லிட்டர் ஊற்றுகிறீர்கள், அது உண்மையில் ஈ75 என்று வையுங்கள். ஒன்றரை லிட்டரும் 33.75 லிட்டரும் சேர்ந்து 35.25 லிட்டர் எத்தனால். 60ஆல் வகுத்தால் 58.75 சதவீதம். "ஃபுல் டேங்க் ஈ85 போட்டேன், 59 தான் காட்டுது" என்று ஒருவர் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தார். அவருக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். சென்சார் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இப்படிக் கலவை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதற்காகத்தானே சென்சாரையே மாட்டினோம்!

சரி, டேங்கில் உண்மையில் எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். 50 மில்லி தண்ணீர், அதன் மேல் 50 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கி, இடையிடையே மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். மேலே பெட்ரோல் தனி அடுக்காக நிற்கும்.

இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது. தண்ணீரும் எத்தனாலும் கலந்தால் மொத்தக் கன அளவு சுருங்கும். 50 மில்லியும் 50 மில்லியும் சேர்ந்தால் 100 வராது, 96, 97 தான் வரும். அதனால் அந்தக் கணக்கு எப்போதும் குறைவாகக் காட்டும், சென்சார் பொய் சொல்கிறது என்று தோன்றும். அதற்குப் பதில் மேலே மிஞ்சிய பெட்ரோல் அடுக்கை அளங்கள். 15 மில்லி மிஞ்சினால் 50ல் 35 போய்விட்டது, அதாவது 70 சதவீதம். கடையில் இதற்கென்றே விற்கும் குழாய்களில் அச்சிட்ட கோடுகள் இருக்கும். அதை அதனுடைய குறிப்புப்படியே வாசிக்க வேண்டும்.

சோதனைக்கான எரிபொருளைப் பங்கிலிருந்து எடுக்காதீர்கள், சென்சாருக்குப் பக்கத்து லைனிலிருந்து எடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வெட்டவெளியில் செய்ய வேண்டும், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாய்க் கணக்கும் சென்சாரும் நாலைந்து புள்ளிக்குள் ஒத்துப்போனால் சென்சாரை மறந்துவிடுங்கள்.

எரிபொருளை மாற்றி வெகு நேரம் ஆகியும் எண் மாறவில்லையே?

டேங்கில் ஊற்றியது சென்சார் வரை வந்து சேர வேண்டும். பம்ப், ஃபில்டர், லைன், ஃபியூவல் ரெயில் எல்லாவற்றிலும் பழைய எரிபொருள்தான் இருக்கிறது. ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய எரிபொருள் டேங்குக்குத் திரும்பும் குழாய்) உள்ள கார்களில் பம்ப் ஓயாமல் சுற்றிவிடுவதால் இது சில நிமிடங்களில் சரியாகும். ரிட்டர்ன் இல்லாத கார்களில் எஞ்சின் குடிக்கும் அளவுக்குத்தான் லைனில் ஓட்டம் இருக்கும், அதனால் ஐடிலில் நின்றால் மாற்றம் தெரிய இன்னும் நேரம் ஆகும். ஐந்தாறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் எண் அசையவில்லை என்றால் சென்சார் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காரில் இடவசதிக்காக டி-பீஸ் போட்டு, ஓட்டமே இல்லாத முட்டுச்சந்துக் குழாயில் சென்சாரை மாட்டியிருந்தார்கள். அது பல வாரங்களுக்கு முந்தைய பெட்ரோலை விசுவாசமாக அளந்துகொண்டிருந்தது. சிலர் அதிகக் குதிரைத்திறனுக்கு லைன் தடையாகக் கூடாது என்று பக்கவழியில் மாட்டுவார்கள். அந்தப் பக்கவழியிலும் கொஞ்சம் ஓட்டம் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, இசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினியில்) வடிகட்டல் அமைப்பு அதீதமாக வைக்கப்பட்டிருக்கலாம். எண் நடுங்காமல் இருக்கட்டும் என்று டியூனர் மெதுவாக்கி வைத்திருப்பார். மல்டிமீட்டரில் 120 ஹெர்ட்ஸ் வந்து, இசியு 30 சதவீதத்திலேயே நின்றால் அந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணே வரவில்லை, அல்லது பூஜ்யத்திலேயே நிற்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

சென்சாரைக் கழற்றி ஆன்லைனில் புதியதை ஆர்டர் போடுவதற்கு முன் கால் மணி நேரம் செலவிடுங்கள். ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி உள்ள மல்டிமீட்டர் வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை.

முதலில் கனெக்டரைக் கழற்றி, கீயை ஆன் செய்து, கனெக்டரின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் இடையே அளங்கள். பேட்டரி வோல்ட் முழுசாக வர வேண்டும். வந்தால் அதோடு விட்டுவிடாமல் அந்த இரண்டு பின்களில் ஒரு டெஸ்ட் பல்பையும் எரிய விட்டுப் பாருங்கள். மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. ஒரே ஒரு நூலிழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பு மாட்டினால் மங்கிவிடும். என் சொந்தக் காரில் ஒரு சனி ஞாயிறு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு சென்சாரையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கிரவுண்ட் வளையம் பெயின்ட் அடித்த தகட்டின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. போல்ட் போட்டது நான்தான். உப்புத்தாள் வைத்து நாலு தேய் தேய்த்ததும் சரியானது.

இரண்டாவது, சிக்னல் வயர். இந்த சென்சார் தானாக வோல்ட்டை அனுப்பாது, சிக்னல் வயரைக் கிரவுண்டுக்கு இழுத்து இழுத்து விடும், அவ்வளவுதான். இழுப்பதற்கு அங்கே ஒரு வோல்ட் இருக்க வேண்டும். அதைத் தருவது இசியு பக்கத்தில் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர். கனெக்டர் கழன்ற நிலையில் சிக்னல் பின்னில் 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். சில அமைப்புகளில் 12 வோல்ட் இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் சென்சார் பத்து புதிது வாங்கினாலும் பூஜ்யம்தான். ஹால்டெக், லிங்க் போன்ற பல தனி இசியுக்களில் அந்த இன்புட்டுக்குப் புல்-அப்பை மென்பொருளிலேயே ஆன் செய்யலாம். அது இல்லாத இடத்தில் 5 வோல்ட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவே 2.2 அல்லது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். என்ன மதிப்பு என்பதை உங்கள் இசியு கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கனெக்டரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, சிக்னல் வயரின் பின்பக்கத்திலிருந்து ஹெர்ட்ஸ் அளவு எடுங்கள். 50க்கும் 150க்கும் நடுவே எண் வந்தால் சென்சார் வேலை செய்கிறது. பிரச்சினை இசியு பக்கம்: தவறான இன்புட், தவறான அளவுத்திருத்தம், அல்லது நடுவில் அறுந்த வயர். 12 வோல்ட், கிரவுண்ட், புல்-அப் மூன்றும் சரியாக இருந்து, சிக்னல் மட்டும் அசையாமல் 5 வோல்ட்டிலோ பூஜ்யத்திலோ நின்றால்தான் சென்சார் மேல் பழி போடலாம்.

பின் வரிசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கடையில் வாங்கிய ரெடிமேட் வயரிங்கில் சிக்னலும் கிரவுண்டும் இடம் மாறி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயரின் நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் எண் பூஜ்யத்துக்குப் போகிறது. ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிடுகிறது.

12 வோல்ட்டை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஸ்டீரியோ, சிகரெட் லைட்டர் பக்கத்து லைனிலிருந்து என்றால் அங்கேதான் வம்பு. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பல கார்கள் அந்த லைனைத் துண்டித்துவிடும். இசியுவுக்கும் பம்புக்கும் வரும் சுவிட்ச் செய்த லைனிலிருந்து, பியூஸ் வைத்து எடுங்கள்.

எப்போதும் 4, 5 புள்ளி அதிகமாகவே காட்டுகிறது. எந்த எரிபொருள் போட்டாலும் அதே வித்தியாசம்.

உங்கள் காரில் ஹெர்ட்ஸை வோல்ட்டாக மாற்றும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். கம்பெனி இசியுவை வைத்துக்கொண்டே டியூன் செய்த கார்களில் இது சகஜம். 0 முதல் 5 வோல்ட், 0 முதல் 100 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 0.05 வோல்ட்டுக்கு ஒரு புள்ளி. பெட்டியின் கிரவுண்ட் ஒரு இடத்திலும் இசியுவின் சென்சார் கிரவுண்ட் வேறு இடத்திலும் இருந்து, நடுவில் கால் வோல்ட் வித்தியாசம் இருந்தாலே 5 புள்ளி பிழை வந்துவிடும். இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து, எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கூடினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

அந்தப் பெட்டியின் வோல்ட் அளவும் இசியுவில் எழுதியிருக்கும் அளவும் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் பெட்டி 0.5 வோல்ட்டில் ஆரம்பிக்கும், இன்னொன்று 0ல் ஆரம்பிக்கும்.

எண் ஒரு நிலையில் நிற்காமல் குதிக்கிறது.

எப்போது குதிக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

டேங்க் காலியாகும்போதும் வளைவில் வேகமாகத் திரும்பும்போதும் கீழ்நோக்கிக் குதித்தால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. காற்றின் மாறிலி 1 என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் எண் இறங்கும். இது சென்சார் பிரச்சினை அல்ல, அதைவிட மோசமான பிரச்சினை. டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சினால் எஞ்சினுக்கு ஆபத்து. சென்சார் உங்களுக்கு முன்கூட்டியே சேதி சொல்கிறது. அதை வடிகட்டல் அமைப்பால் மூடி மறைக்காதீர்கள்.

வெயிலில் டிராஃபிக்கில் நின்ற பிறகு குதித்தால் எரிபொருள் லைனில் ஆவியாகிறது. டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்தில் மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் வெப்பத் தடுப்பாவது போடுங்கள்.

எஞ்சின் சுழற்சியோடு சேர்ந்து குதித்தால் அது மின் இரைச்சல். சிக்னல் வயர் இக்னிஷன் காயில் வயர்களோடு ஒரே கட்டாக ஓடுகிறதா பாருங்கள். பிரித்து ஓட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

170, 180 ஹெர்ட்ஸ் வருகிறது. 100 சதவீதத்துக்கு மேல் எத்தனால் எப்படி இருக்க முடியும்?

இருக்க முடியாது. 180 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம் வந்தால் எரிபொருளில் கலப்படம் என்று சென்சாரே சொல்லும் ஏற்பாடு அது. பெரும்பாலும் தண்ணீர். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மாதக் கணக்கில் நின்ற காரில், மூடி சரியாக மூடாத கேனில், இது நடக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எரிபொருளைப் பிடித்துப் பாருங்கள். கலங்கலாகவோ அடியில் தனி அடுக்காகவோ இருந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மெத்தனால் கலந்த ரேஸ் எரிபொருளும் எண்ணை ஏற்றிவிடும். மெத்தனாலின் மாறிலி எத்தனாலைவிட அதிகம், சென்சார் அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. அப்படிப்பட்ட எரிபொருள் போடும் நாளில் சென்சார் எண்ணை வைத்து டியூன் ஓடக் கூடாது.

எஞ்சின் லீனாக (காற்றுக்கு எரிபொருள் போதாமல்) ஓடுகிறது. சென்சார்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது இசியு தானாக எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். எனக்குப் பிடித்த சோதனை இது, கழற்ற வேண்டியது எதுவும் இல்லை. சென்சார் 10 புள்ளி தவறாகச் சொன்னால் எரிபொருள் அளவு 4 முதல் 5 சதவீதம் தவறும். உண்மையில் ஈ55 இருக்க, சென்சார் 70 என்று சொன்னால் இசியு சுமார் 7 சதவீதம் அதிகமாக ஊற்றும், ட்ரிம் மைனஸ் 7க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆக, ட்ரிம் மைனஸ் 20 காட்டும்போது "சென்சார் 5 புள்ளி தப்பு" என்பது விடையாக இருக்க முடியாது.

அப்புறம், அதே காரை வெறும் ஈ10ல் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் ட்ரிம் அதே அளவு தவறினால் காற்று அளவு, இன்ஜெக்டர் அளவு, வேக்கம் கசிவு என்று வேறு பக்கம் தேடுங்கள். ஈ10ல் சரியாக இருந்து, எத்தனால் ஏற ஏறத் தவறும் ஏறினால் சென்சாரோ டியூனில் இருக்கும் கலவை அட்டவணையோ காரணம்.

அதிக வேகத்தில் மட்டும் லீன் என்றால் சென்சாரைத் தொடவே வேண்டாம். ஈ85க்குச் சுத்தப் பெட்ரோலைவிடக் கன அளவில் சுமார் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். இன்ஜெக்டரோ பம்போ மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

காற்று எரிபொருள் மீட்டரை லாம்ப்டாவில் (அந்தந்த எரிபொருளுக்குச் சரியான விகிதத்தை 1 என்று வைக்கும் அளவுகோலில்) வையுங்கள். காற்று எரிபொருள் விகிதம் பெட்ரோலுக்கு 14.7, சுத்த எத்தனாலுக்கு 9. டேங்கில் ஈ85 இருக்க, மீட்டர் 14.7 என்று காட்டுவதைப் பார்த்து லீன் என்று பதறியவர்கள் உண்டு. மீட்டர் பெட்ரோல் அளவுகோலில் பேசுகிறது. லாம்ப்டா 1 என்றால் எந்த எரிபொருளுக்கும் 1 தான்.

குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. சென்சாரா?

சென்சார் எண் சரியாக இருந்தால், இல்லை. குளிரில் எத்தனால் சரியாக ஆவியாகாது. ஸ்டார்ட் நேரத்து எரிபொருள் அளவை எத்தனால் சதவீதத்துக்கு ஏற்ப டியூனர் கூட்ட வேண்டும். அமுக்கிக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி செய்வதைவிட லாக் ஃபைலை (இசியுவின் பதிவுக் கோப்பை) அவருக்கு அனுப்புவது நல்லது.

பி0178, பி0179 என்று கோளாறு எண் வருகிறது.

முதலாவது, எரிபொருள் கலவை சென்சார் சிக்னல் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இரண்டாவது, அதிகம். 0178க்கு மேலே சொன்ன வயரிங் சோதனை. 0179க்கு முதலில் தண்ணீர் சோதனை.

சென்சார் திடீரென்று செத்தால் இசியு எந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்?

இதை டியூனரிடம் விட்டுவிடாமல் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பாதுகாப்புக்காக 0 என்று வைத்திருக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டேங்கில் ஈ80 இருக்கும்போது இசியு பெட்ரோல் அளவுக்கு ஊற்றினால் எஞ்சின் படு லீனாகிவிடும். சரி, 85 என்று வைத்தால்? டேங்கில் பெட்ரோல் இருக்கும்போது இக்னிஷன் (தீப்பொறி விடும் நேரம்) எத்தனாலுக்கான அளவுக்கு முன்னேறி நிற்கும், நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வரும், பிஸ்டன் போகும்.

ஒரே எண்ணால் இரண்டையும் காப்பாற்ற முடியாது. அதனால் பிரித்து வைக்க வேண்டும். எரிபொருள் அளவுக்குக் கடைசியாகக் கிடைத்த நம்பகமான எண்ணை அப்படியே பிடித்து வைப்பது. இக்னிஷனையும் டர்போ பூஸ்டையும் பெட்ரோல் அளவுக்கு இறக்கிவிடுவது. டேஷ்போர்டில் விளக்கு ஒன்று எரியவிடுவது. எண் ஒரே வினாடியில் 70லிருந்து 20க்குப் பாய்ந்தால் அதையும் கோளாறாகவே எடுக்கும்படி வைக்கலாம், டேங்கில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை.

வைத்த பிறகு சோதித்தும் பாருங்கள். நிறுத்திய காரில், ஐடிலில், கனெக்டரைக் கழற்றினால் போதும். எஞ்சின் சுருதி மாறாமல் ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விளக்கு எரிந்தால்?

பூஸ்ட் ஏறாதபடி மிதமாக வீடு வந்து சேருங்கள். வழியில் எரிபொருள் போடாதீர்கள். இசியு பிடித்து வைத்திருக்கும் பழைய எண், டேங்கில் பழைய கலவை இருக்கும் வரைதான் சரி. வேறு வழியில்லாமல் போட வேண்டி வந்தால் அதே கலவைக்கு முடிந்தவரை நெருக்கமானதைப் போடுங்கள்.

புதிய சென்சார் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், போலிகள் நிறைய. தெரிந்த கடையில் வாங்குங்கள். என் கவலை சென்சாரைவிட அதன் இரு முனையிலும் மாட்டும் இணைப்புகள் மேல்தான். முனைகள் 3/8 அங்குல விரைவு இணைப்பு வகை. மலிவான பிளாஸ்டிக் கிளிப் போட்ட இணைப்பு, அழுத்தம் ஏறும் ஃபீட் லைனில் ஒருநாள் கழன்றால் சூடான எஞ்சின் மேல் எரிபொருள் பீய்ச்சும். பூட்டும் வகை இணைப்பு, எத்தனால் தாங்கும் ஹோஸ், இரண்டிலும் கஞ்சத்தனம் கூடாது. மாட்டிய பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பாருங்கள்.

சென்சாரே இல்லாமல் ஃபிளெக்ஸ் ஃபியூவல் ஓடாதா?

பிரேசிலில் ஓடுகிறதே. 2003ல் அங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃபிளெக்ஸ் கார், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை வைத்தே கலவையைக் கணித்தது. கம்பெனி காருக்கு அது போதும். டியூன் செய்த டர்போ காரில் எனக்கு அதில் சம்மதமில்லை. வேக்கம் கசிவும் எத்தனால் கூடியதும் அந்தக் கணிப்புக்கு ஒன்றுபோலவே தெரியும். இங்கே நம் இக்னிஷன் அந்த எண்ணை நம்பித்தான் முன்னேறுகிறது.

இந்தியாவில் இதை மாட்டினால் பயன் உண்டா? ஊரில் தம்பி கேட்கிறான்.

சாதாரணப் பங்கில் கிடைப்பது ஈ20. அதனால் 70 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் எண் வரும், பெரிதாக மாறாது. அதற்கு மட்டும் என்றால் டியூனை ஈ20க்கு ஒருமுறை செய்தால் போதும், சென்சார் செலவு வேண்டாம். ஆனால் 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் 183 பங்குகளில் எத்தனால் 100 என்ற எரிபொருளைக் கொண்டுவந்தார்கள். பெயர்தான் 100, எத்தனால் 93 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மிச்சம் பெட்ரோலும் இணைகரைப்பானும். அதையும் ஈ20யையும் மாற்றி மாற்றிப் போட நினைத்தால் சென்சார் கட்டாயம் வேண்டும். அதற்கு முன் பம்ப், ஹோஸ், இன்ஜெக்டர் மூன்றும் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈ100 போட்டதும் மீட்டரில் 143 வந்தால் "ஏழு சதவீதம் அடித்துவிட்டார்கள்" என்று பங்கில் போய்ச் சண்டை போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.